மேக்னமும் என் வீட்டுக்காரர் தோளும்

டெக்சஸில் ஷாட்கன் (ஒரே வெடிப்பில் பல குண்டுகளை அனுப்பும் துப்பாக்கி) வாங்க ஆகிற நேரத்தைவிட அதற்குத் தோட்டா பொறுக்க ஆகிற நேரம் அதிகம். துப்பாக்கிக்கு 4473 என்று ஒரு படிவம், டிரைவிங் லைசென்ஸ், கிரீன் கார்டு, எஃப்.பி.ஐ. கணினியில் ஒரு சரிபார்ப்பு, அவ்வளவுதான். (எச்-1பி என்ற வேலை விசாவில் வந்த தம்பிமார்கள் அவசரப்பட வேண்டாம். அந்த விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டம் தடை போட்டிருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. கொசு அடிக்கவே யோசிக்கிற ஆட்கள்கூட இதைக் கேட்டதும் வேட்டை லைசென்ஸ் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்கள்.)

எங்கள் வீட்டுக்குத் துப்பாக்கி வந்ததற்குக் காரணம் தங்கம். இந்தியக் குடும்பம் என்றால் வீட்டில் நகை இருக்கும் என்று கணக்குப் போட்டு நடந்த திருட்டுகள் அமெரிக்காவில் பல ஊர்களில் வழக்காகியிருக்கின்றன. ஹூஸ்டனில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளியும் ஒரு வீட்டில் பின்கதவை உடைத்துவிட்டார்கள். நகையை பேங்க் லாக்கரில் வைக்கலாம் என்றேன். என் வீட்டுக்காரர் துப்பாக்கி வாங்கலாம் என்றார். கடைசியில் இரண்டும் நடந்தது. ஆக, இப்போது எங்கள் வீட்டில் நகை இல்லை, துப்பாக்கி இருக்கிறது.

வாங்கியது மாஸ்பெர்க் 500, 12 கேஜ். (கேஜ் என்பது குழலின் அளவு. எண் குறைந்தால் குழல் பெரிசு.) 1960களிலிருந்து லட்சக்கணக்கில் விற்ற பம்ப் துப்பாக்கி. முன்கட்டையைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான் என்று இவர் நண்பர்கள் எல்லோரும் சத்தியம் செய்தார்கள். அப்படியானால் அந்தச் சத்தத்தை மட்டும் போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாமே, எதற்கு நானூறு டாலர் என்று கேட்டேன். பதில் இல்லை.

அப்புறம் தோட்டா. கடையில் ஒரு சுவர் முழுக்கப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் நீளம், குண்டின் எண், எடை, வேகம். சில பெட்டிகளில் கருமருந்துக் காலத்து 'டிராம்' கணக்குகூட இன்னும் அச்சாகிறது. இதையெல்லாம் படிக்க நேரமில்லாதவர்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் இவரும் செய்தார். மிகப் பெரிய எழுத்தில் 'மேக்னம்' (சரக்கு அதிகம் என்று அர்த்தம்) என்று போட்டிருந்த பெட்டியை எடுத்தார். மூன்று அங்குல நீளம், உள்ளே 00 எண் குண்டு 15. நான் பக்கத்தில் இருந்த 'லோ ரீகாயில்' பெட்டியைக் காட்டினேன். "உதை குறைவாம், இதைப் பாருங்களேன்" என்றேன். டீக்கடையில் சர்க்கரை இல்லாத காபியை நீட்டினால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. "அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கும்மா" என்றார்.

மேக்னம் நான்கு பெட்டி வந்தது. தோட்டாவைக் கடைகள் பொதுவாகத் திரும்ப எடுப்பதில்லை என்பது ரசீதின் கீழே பொடி எழுத்தில் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஷெரிஃப் (மாவட்டப் போலீஸ்) அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு கம்மி, தொப்பி பெரிசு. சனிக்கிழமை காலையில் எங்களைத் திறந்தவெளிச் சுடுதளம் ஒன்றுக்கு அழைத்துப் போனார். மேக்னம் பெட்டியைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டார்.

முதல் தடவை சுட்டபோது இவர் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆளும் இரண்டடி பின்னால் வந்திருந்தார். "எப்படி?" என்றார் பெரியவர். "பிரமாதம்" என்றார் இவர், கண்ணில் தண்ணீருடன். இரண்டாவது தடவை சுட்டது குறி அட்டைக்குக் கீழே மரச்சட்டத்தில் பட்டது. மூன்றாவது எங்கே போனது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் பெரியவர் ஒரு வேலை செய்தார். "நான் நிரப்பித் தருகிறேன்" என்று துப்பாக்கியை வாங்கி, நடுவில் ஒரு டம்மி தோட்டாவைப் போட்டுக் கொடுத்துவிட்டார். இவருக்குத் தெரியாது. விசையை இழுத்தார். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெடிக்கவே இல்லை. ஆனால் இவர் கண்ணை இறுக மூடி, தோளை முன்னால் எக்கி, துப்பாக்கியின் மூக்கைத் தரைக்குக் குத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வெடிக்காத துப்பாக்கி உதைத்துவிட்டதுபோல ஒரு மனுஷன் துள்ளுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் சிரித்தது தப்புதான், ஆனால் அடக்க முடியவில்லை. பயந்துபோன உடம்பு வெடிக்கும் முன்னாலேயே துள்ளிவிடும், அதனால்தான் குறி கீழே போகிறது என்று பெரியவர் நிதானமாக விளக்கினார். இவர் நின்ற விதமும் கோளாறு. உதைக்குப் பயந்து பின்னால் சாய்ந்து நின்றிருந்தார். முன்காலில் எடையைப் போட்டு, முன்கையால் துப்பாக்கியை முன்னுக்குத் தள்ளி, பின்கையால் தோளுக்குள் இழுத்துப் பிடித்தால் உதை பாதியாகக் குறைந்ததுபோல இருக்கும்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் வலது தோள் கத்தரிப்பூ நிறம். தைலம் தேய்த்துக்கொண்டே நான் கணக்குப் போட்டேன். கல்யாணத்துக்கு முன் மூன்று வருஷம் இயற்பியல் எடுத்தவள். நியூட்டனின் மூன்றாம் விதியைப் பையன்களின் தலையில் ஏற்றியவள். முன்னால் போகிற சரக்கின் எடையையும் வேகத்தையும் பெருக்கினால் வருகிற உந்தம்தான் பின்னால் வருகிறது. துப்பாக்கி அதேதான் என்றால், உதையின் ஆற்றல் அந்த உந்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். சாதாரண 2¾ அங்குலத் தோட்டாவில் 00 குண்டு 9, நொடிக்கு சுமார் 1,325 அடி வேகம். லோ ரீகாயில் வகையில் 8 குண்டு, 1,145 அடி. இவர் வாங்கிய மேக்னத்தில் 15 குண்டு, சுமார் 1,200 அடி. மருந்தின் எடையை விட்டுவிட்டு ரஃப்பாகப் பார்த்தாலே, லோ ரீகாயில் தோட்டா சாதாரணத் தோட்டாவைவிட 40 சதவீதம் குறைவாக உதைக்கிறது. மேக்னம் அந்த லோ ரீகாயிலைப் போல் கிட்டத்தட்ட 4 மடங்கு உதைக்கிறது. "நாலு மடங்குங்க" என்றேன். "மெதுவா தேய்" என்றார்.

உதை குறைந்தால் வேலையும் குறையுமா என்பதுதான் அடுத்த கேள்வி. கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் தோட்டாக்களை நெடுக்காக அறுத்து, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள். எட்டாம் எண் குண்டு கடுகு அளவு, பெரிய குண்டு வகையான நாலாம் எண் பக்‌ஷாட் காய்ந்த பட்டாணி அளவு, 00 கொண்டைக்கடலை அளவு. கடுகுத் தோட்டா மிக லேசாக உதைக்கும், விலையும் மலிவு, வீட்டுக்கு அதுவே போதும் என்று சொல்கிறவர்கள் நிறைய. அது பயிற்சிக்கு எறியும் களிமண் தட்டை உடைக்கவும் புறாவை வீழ்த்தவும் செய்யப்பட்டது. 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு ஏஜென்ட்களை இழந்த பிறகு, எஃப்.பி.ஐ. சதைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்த்து ஓர் அளவு வைத்தது: குண்டு 12 அங்குலமாவது உள்ளே போக வேண்டும், 18ஐத் தாண்டக் கூடாது. கடுகு அதில் பாதி தூரத்தைத் தொடவே திணறும். உதை குறைந்த 00 பக்‌ஷாட்டோ 12ஐத் தாராளமாகத் தாண்டிவிடும். அதாவது 1,145 அடி வேகம் போதும், மீதியெல்லாம் தோள் கட்டுகிற வரி.

சொல்லப்போனால் எங்கள் வீட்டில் பிரச்சினை எதிர்த் திசையில் இருந்தது. இங்கே வீடென்றால் மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை அடித்ததுதான் சுவர். விரலால் தட்டினால் 'டொக் டொக்' என்று கேட்கும். செங்கல்லைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது சுவர் என்று நம்பவே ஒரு வருஷம் பிடிக்கும். 00 குண்டு அப்படிப்பட்ட சுவர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் துளைத்துக்கொண்டு போகும். லோ ரீகாயில் என்றாலும் போகும். படுக்கையறை வாசலில் நின்று ஹாலைப் பார்த்தால், ஹாலுக்கு நேர் பின்னால் பிள்ளைகளின் அறை. பெரியவர் ஒரு நாள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, எங்கிருந்து எந்தப் பக்கம் சுடவே கூடாது என்று நடந்து காட்டினார். சமையலறை மூலையிலிருந்து வாசல் பக்கம் பார்த்தால் பின்னால் செங்கல் முகப்பு; அது ஒன்றுதான் தேறியது. துப்பாக்கி வாங்கும் முன்னால் இந்த நடையை நடந்திருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லிக் காட்டவில்லை. ஒரே ஒரு தடவை தவிர.

குண்டுகள் விரிந்து பறந்து வாசல் முழுக்க அடைத்துக்கொள்ளும், குறி பார்க்கவே வேண்டாம் என்பதும் கதைதான். வீட்டுக்குள் ஏழு கஜம் தாண்டினாலே அதிகம். அந்தத் தூரத்தில் ஃபெடரல் கம்பெனியின் ஃப்ளைட் கண்ட்ரோல் வகைத் தோட்டா எட்டுக் குண்டையும் உள்ளங்கைக்குள் அடங்கும் இடத்தில் போடும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சிதறாமல் இருப்பதுதான் நல்லது. சிதறின குண்டு எந்தச் சுவருக்குப் போகும் என்று யார் கண்டது?

ஆனால் 'லோ ரீகாயில்' என்று போட்டதை வாங்க இவருக்கு மனசு வரவில்லை. அதற்குள் டாலஸில் இருக்கும் என் தம்பியிடம் போன் போட்டார். அவன் 1¾ அங்குலத்தில் குட்டித் தோட்டா இருக்கிறது என்று புதுக் கதை எடுத்துவிட்டான். மெக்சிகோவில் அகிலா கம்பெனி செய்வது. உதை மிகக் குறைவு, துப்பாக்கியின் தோட்டாக் குழாயில் கூடுதலாகப் பிடிக்கும். "மாப்பிள்ளை சொன்னா சரியா இருக்கும்" என்று ஒரு பெட்டி வந்தது. அதற்காகச் செய்யாத பம்ப் துப்பாக்கியில் அது உள்ளுக்குள் குறுக்கே புரண்டு சிக்கும். ஒரு அடாப்டர் வாங்கி மாட்டினால் கொஞ்சம் ஒழுங்காக ஏறும். சுடுதளத்தில் இவர் தோட்டாவைச் சாவிக்கொத்தால் நெம்பிக்கொண்டிருந்தபோது நான் கடிகாரத்தைப் பார்த்தேன். திருடன் நகையைத் தேடி முடித்து, லாக்கரில் இருப்பதைத் தெரிந்துகொண்டு, காபி போட்டுக் குடித்துவிட்டுப் போயிருப்பான்.

20 கேஜ் துப்பாக்கி எனக்கென்று தனியாக வாங்கலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. பெரியவர் தலையாட்டி மறுத்தார். 20 கேஜ் தோட்டாவில் சரக்கு குறைவு, ஆனால் துப்பாக்கியும் எடை குறைவு. லேசான துப்பாக்கி நன்றாகவே உதைக்கும். அதைவிடப் பெரிய காரணம், 20 கேஜ் தோட்டா தவறி 12 கேஜில் விழுந்தால் தோட்டா உட்காரும் அறையைத் தாண்டிக் குழலுக்குள் போய் நின்றுகொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. பின்னாலேயே 12 கேஜ் தோட்டா ஒன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், கை போகும். அதனால்தான் 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். இரண்டும் ஒரே வீட்டில் வேண்டாம் என்றார். ரசம் எது சாம்பார் எது என்று கலக்கிப் பார்த்தும் தெரியாத ஆள் இருக்கிற வீடு இது. நானும் வேண்டாம் என்றேன்.

கடைசியில் வழி செய்ததும் பெரியவர்தான். ஒரு பெட்டியை நீட்டி, "போலீஸில் நாங்கள் இதைத்தான் வைத்திருந்தோம்" என்றார். பெட்டியில் 'டாக்டிகல்' என்று கறுப்பில் அச்சிட்டிருந்தது. இவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. எட்டுக் குண்டு, 1,145 அடி. நான் எதைக் காட்டினேனோ அதே சரக்குதான். அமெரிக்காவில் பல போலீஸ் துறைகள் உதை குறைந்த பக்‌ஷாட்டைத்தான் ரொம்ப காலமாக வைத்திருக்கின்றன. இரண்டாவது தடவையும் சீக்கிரம் குறி பார்த்துச் சுட வேண்டுமே என்பதுதான் அவர்கள் கவலை. நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது தம்பியிடம் போனில், "போலீஸ் லெவல் தோட்டா மாப்பிள்ளை, சாதாரண ஆள் தாங்க மாட்டான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தோளில் பதிகிற பின்கட்டையும் மாறியது. கம்பெனியிலிருந்து வருவது விசையிலிருந்து தோள்வரை ஏறத்தாழ 14 அங்குலம். என் ஐந்தடி உயரத்துக்கு அதைத் தோளில் வைத்தால் கை விசைக்கு எட்டவே எட்டாது. 12½ அங்குலக் கட்டையும் தடித்த ரப்பர் பட்டையும் போட்டோம். ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பது இவர், வீட்டில் பிள்ளைகளோடு இருப்பது நான். சுடுதளத்தில் நான் ஐந்து போட்டேன், ஐந்தும் அட்டையில். தோளில் உதை தெரிந்தது, நிறம் மாறவில்லை. இவர் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, காற்று இன்றைக்கு இல்லை என்றார்.

மற்றபடி அது சுவரில் பொருத்திய பூட்டுப் பெட்டிக்குள், துப்பாக்கியின் அறையில் தோட்டா ஏற்றாமல் இருக்கிறது. பதினேழு வயது நிரம்பாத பிள்ளை, சுடத் தயாராக இருக்கும் துப்பாக்கியை எடுக்கும்படி அஜாக்கிரதையாக விட்டால் டெக்சஸ் சட்டத்தில் அது குற்றம். எங்கள் சின்னவன் பிஸ்கட் டப்பாவின் பூட்டையே திறந்தவன், சட்டம் சொல்லாவிட்டாலும் பூட்டுவோம்.

மிஞ்சிய மேக்னம் மூன்றே முக்கால் பெட்டியையும் பெரியவரிடம் கொடுத்துவிட்டோம். அவர் தம்பியின் பண்ணையில் காட்டுப்பன்றித் தொல்லை. நிலத்துக்காரர் அனுமதி இருந்தால் தனியார் நிலத்தில் பன்றி சுட 2019 முதல் வேட்டை லைசென்ஸ்கூட வேண்டாம் என்று டெக்சஸ் விட்டுவிட்டது, அவ்வளவு பன்றி. அடுத்த மாதமே தொடைக்கறி ஒரு பொட்டலம் வந்தது. மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தேன். வீட்டுக்காரர் இரண்டாவது வாயில் 'கடக்' என்று நிறுத்தி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, தட்டில் எதையோ துப்பினார். ஈயக்குண்டு. கொஞ்சம் நசுங்கியிருந்தாலும் சந்தேகமே இல்லை, 00.

"இன்னும் பதினாலு இருக்கு, பார்த்து மெல்லுங்க" என்றேன்.