கேம் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றிய நாட்கள்

மார்ச் 8, சனி

என் கார் இன்ஜினின் டைமிங் பெல்ட், அதாவது கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் முக்கியத் தண்டு) சுற்றுவதோடு கேமையும் சேர்த்துச் சுற்றவைக்கும் பல் பெல்ட். அதன் மேல்மூடியை எடுத்ததும் முதலில் கண்ணில் பட்டது எண்ணெய். பெல்ட்டின் ஓரம் முழுக்க ஈரம், மூடியின் உட்புறத்தில் கருப்பாக ஒரு படலம். முன்பு பெல்ட் மாற்றிய பட்டறையில் பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு சீலைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாஃப்ட்டின் முனையில், எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல்தான் கசிகிறது. இரண்டு கேமுக்கும் ஒவ்வொரு சீல். இரண்டுமே பெல்ட் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன.

பெல்ட், அதை இறுக்கி வைக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் மாற்றினால் போதும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஆனால் எண்ணெய் பட்ட ரப்பர் ஊறிப்போய்ச் சீக்கிரமே கெடும். கசியும் சீலுக்கு முன்னால் புது பெல்ட்டை மாட்டுவதில் அர்த்தமே இல்லை. ஆகவே ஸ்ப்ராக்கெட்டுகள் கழன்றாக வேண்டும்.

இன்று பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்தேன். ஸ்பார்க் பிளக்குகளை எடுத்தேன், கையால் சுற்றும்போது சிலிண்டருக்குள் அழுந்தும் காற்று எதிர்க்காது. சக்கரம், கிராங்க் புல்லி, கீழ்மூடி எல்லாம் வந்துவிட்டன. எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டு இன்ஜினைத் தாங்கும் ஒரு பக்க மவுண்ட்டையும் எடுத்தாயிற்று. இருட்டிவிட்டது, நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் கிராங்க்கை அது ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றி, முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வரும் குறியில் நிறுத்தினேன். இரண்டு கேம் குறிகளும் பின்தட்டில் உள்ள குறிகளுக்கு நேராக வரவில்லை. சற்றுத் திகைத்துவிட்டு, இன்னொரு முழுச் சுற்று கொடுத்ததும் சரியாக வந்தன. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று சுற்றும். என் இன்ஜினில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் 24 பல், கேம் ஸ்ப்ராக்கெட்டில் 48. கிராங்க் குறி மட்டும் நேராக இருப்பதை நம்பி பெல்ட்டைக் கழற்றியிருந்தால் எல்லாமே பாதிச் சுற்று தள்ளி நின்றிருக்கும்.

குறிகளின் மேல் வெள்ளைப் பெயின்ட்டால் தெளிவாகக் கோடு போட்டுக்கொண்டேன். நாலு கோணத்தில் படமும் எடுத்தேன்.

டென்ஷனரைத் தளர்த்தி பெல்ட்டை உருவியபோது, எக்ஸாஸ்ட் கேம் (புகை வெளியேறும் வால்வுகளை இயக்குவது; காற்று உள்ளே வரும் வால்வுகளுக்கானது இன்டேக் கேம்) 'டக்'கென்று கொஞ்சம் தானாகவே துள்ளியது. நெஞ்சு அதிர்ந்துவிட்டது. வால்வு ஸ்பிரிங்குகள் கேமின் மேடுகளை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கின்றன, இத்தனை நாள் அதைப் பிடித்து வைத்திருந்தது பெல்ட்தான். கேம் கொஞ்சம்தான் நகர்ந்தது, எதுவும் இடிக்கவில்லை. ஆனால் என்னுடையது வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு வந்துபோகும் வகை இன்ஜின். நேரம் தவறினால் இரண்டும் மோதி வால்வு வளைந்துவிடும்.

கையேட்டில் சொல்லியிருந்தபடி கிராங்க்கை உச்சிக் குறியிலிருந்து கால் சுற்று, அதாவது 90 டிகிரி, பின்னால் கொண்டுபோய் வைத்தேன். நாலு சிலிண்டர் இன்ஜினில் அப்போது நாலு பிஸ்டனுமே நடுவில் நிற்கும். இனி கேம் எப்படி அசைந்தாலும் வால்வுக்கு அடியில் இடம் இருக்கிறது. இதைச் செய்த பிறகுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று வேலை எதுவும் இல்லை. ஸ்ப்ராக்கெட்டை எப்படி அசையாமல் பிடிப்பது என்பதுதான் இரண்டு நாளாக மனதில் ஓடுகிறது. அதன் போல்ட்டைத் திருகும் வேகத்தில் கேமும் சேர்ந்து சுற்றும். அப்புறம் அந்த விசை எங்கே போகும் என்பதுதான் கேள்வி.

பழைய பெல்ட்டையே மாட்டிவிட்டு அதன் பிடியில் திருகலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பெல்ட் பல் தாவினால் கேம் ஒரேயடியாகச் சுழலும். ஸ்ப்ராக்கெட்டின் ஓட்டைக்குள் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து முட்டுக்கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன். அது ஸ்ப்ராக்கெட்டையோ பின்னால் இருக்கும் அலுமினியத்தையோ உடைக்கும். கேம் நேரத்தைப் பூட்டுவதற்கென்று விற்கும் பின்களும் குறியைக் காப்பதற்கு மட்டும்தான், போல்ட்டின் விசையைத் தாங்குவதற்கல்ல.

சரியான பிடி கேம் ஷாஃப்ட்டிலேயே இருக்கிறது. வால்வு கவரைத் திறந்தால் இரண்டு மேடுகளுக்கு நடுவே அறுகோணமாகச் செதுக்கிய பகுதி ஒன்று தெரியும், ஸ்பேனர் போடுவதற்கென்றே. அதைப் பிடித்துக்கொண்டு போல்ட்டைத் திருகினால், கைக்கும் போல்ட்டுக்கும் நடுவிலேயே விசை முடிந்துவிடும். அது பெல்ட்டுக்கோ பிஸ்டனுக்கோ போவதில்லை. இதற்காக வால்வு கவர் கேஸ்கெட் ஒன்றும் மாற்ற வேண்டிவரும். பரவாயில்லை.

மார்ச் 15, சனி

தம்பி வந்திருந்தான். வால்வு கவரை எடுத்தோம். அறுகோணத்தில் திறந்தமுனை ஸ்பேனரை மாட்டி அவன் கையில் கொடுத்தேன். "ஹெட்டில் எங்கேயும் முட்டுக்கொடுக்காதே, கையாலேயே தாங்கு" என்று மட்டும் சொன்னேன். கேம்கள் உட்கார்ந்திருக்கும் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் அலுமினியம், ஸ்பேனர் அதன் விளிம்பில் சாய்ந்தால் சில்லு பெயரும்.

"பிடிச்சிருக்கேன்ணா, நீ திருகு."

நீளக் கைப்பிடியில் சாக்கெட்டைப் போட்டு, உதறாமல், மெல்ல அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு 'க்ரக்' என்று ஒரு சத்தம். "என்னாச்சுண்ணா?" என்று பதறினான். போல்ட் இளகிய சத்தம்தான். ஸ்பேனரும் கேமும் அசையவே இல்லை. இம்பாக்ட் கன் வைத்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும் என்றான் தம்பி. முடிந்திருக்கும், ஆனால் அந்த அடியெல்லாம் ஸ்ப்ராக்கெட்டை ஷாஃப்ட்டோடு இணைக்கும் சின்ன பின்னில்தான் விழும். அந்தப் பின் வளைந்தால் குறி நேராக இருந்தாலும் டைமிங் தவறியிருக்கும்.

இன்டேக் ஸ்ப்ராக்கெட் கையோடு வந்தது. எக்ஸாஸ்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம் நெம்பாமல் இரு பக்கமும் மாறி மாறி ஆட்டி எடுத்தேன். எடுக்கும்போதே அந்தப் பின் நழுவிக் கீழே விழுந்துவிட்டது. காந்தக் கம்பியால் அரை மணி நேரம் துழாவி, கீழ்த் தகட்டின் மடிப்பிலிருந்து எடுத்தோம். இன்டேக்கின் பின்னை உடனே துணியில் சுற்றி வைத்துவிட்டேன்.

இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே வார்ப்பு. பின் உட்காரும் பள்ளம் ஒவ்வொன்றிலும் இரண்டு இருக்கிறது. ஒன்று இன்டேக்குக்கு, ஒன்று எக்ஸாஸ்ட்டுக்கு, பக்கத்தில் ஓர் எழுத்துதான் அடையாளம். மாற்றி உட்கார்த்தினால் கேம் முற்றிலும் வேறு கோணத்தில் நிற்கும். எந்தப் பள்ளம் எந்தப் பக்கம் என்று பெயின்ட் வைத்தேன்.

சீல்கள் கல்லாக இறுகியிருந்தன. கொக்கியின் முனைக்கு டேப் சுற்றி, ஷாஃப்ட்டில் கீறல் விழாமல் ஓரத்திலிருந்து கிளப்பினேன். பொறுமை இங்கேதான் வேண்டும். ஷாஃப்ட்டில் ஒரு கீறல் விழுந்தால் புது சீலும் கசியும். புது சீலின் உதட்டில் இன்ஜின் ஆயில் தடவி, சீலின் வெளிவிட்டத்துக்குச் சரியான குழாயை வைத்து, சுற்றிச் சுற்றி லேசாகத் தட்டி, பழையது இருந்த ஆழத்துக்கே இறக்கினேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஸ்ப்ராக்கெட்டுகளை மாட்டினோம். மறுபடி அதே அறுகோணம், அதே ஸ்பேனர், தம்பியின் கை. இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச்சில் கையேட்டின் அளவு, என் இன்ஜினுக்கு 59 நியூட்டன் மீட்டர். வேறு இன்ஜினுக்கு வேறு அளவு. சிலவற்றில் போல்ட்டையே புதிதாகப் போடச் சொல்லியிருப்பார்கள்.

கேம் குறிகளை நேராக்கிய பிறகு கிராங்க்கை அந்தக் கால் சுற்று திரும்பக் கொண்டுவந்து உச்சிக் குறியில் வைத்தேன். பெல்ட்டை கிராங்க்கில் தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கம் இறுக்கமாக, கேம்களின் மேலாக, கடைசியில் டென்ஷனருக்கு. கையால் கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். எங்கேயும் முட்டவில்லை. ஆனால் எக்ஸாஸ்ட் கேமின் குறி ஒரு பல் தள்ளி நின்றது.

ஒரு பல் என்றால் கேமில் 7.5 டிகிரி, கிராங்க்கில் 15. ஓட்டினால் ஓடியிருக்கும், மோசமாக. பெல்ட் போடும்போது இரண்டு கேமுக்கு நடுவில் தொய்வு விட்டுவிட்டேன், டென்ஷனர் இழுத்ததும் தொய்வு எக்ஸாஸ்ட் கேமை நகர்த்திவிட்டது. மறுபடி பெல்ட் வெளியே, கிராங்க் கால் சுற்று பின்னால். இந்த முறை தம்பி எக்ஸாஸ்ட் கேமை ஸ்பேனரால் குறியிலேயே பிடித்துக்கொண்டான், நான் அந்த இடைவெளியில் பெல்ட்டை இழுத்துப் போட்டேன். இரண்டு சுற்று. மூன்று குறியும் நேர். நம்பாமல் இன்னும் இரண்டு சுற்று சுற்றினேன். அப்போதும் நேர்.

மாலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்தோம். முதல் சுழற்சியிலேயே பிடித்துக்கொண்டது, ஐடிலில் ஆட்டம் இல்லை. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, இன்ஜினை அணைத்து மேல்மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு சீலைச் சுற்றியும் உலர்ந்திருந்தது. மூடியின் உட்புறத்தில் பெல்ட், சீல் மாற்றிய தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் பெயின்ட்டால் எழுதி மாட்டிவிட்டேன்.