விண்ட்ரஷ் விண்ணப்பமும் ஓர் இராணுவத் தாதியும்

குடிவரவைப் பார்க்கும் பிரித்தானிய உள்துறையான ஹோம் ஒஃபிஸ் என்றாலே வயிற்றைக் கலக்கும் எங்கள் லண்டன் தமிழர், வந்த கடிதத்தின் உறையைக்கூட எறியமாட்டார்கள். பக்கத்து வீட்டு பார்படோஸ் அன்ரிக்கு அந்தப் பழக்கம் இல்லை. 1966இல், பார்படோஸ் சுதந்திரம் அடையச் சில மாதங்கள் இருக்கும்போது, தாதிப் பயிற்சிக்கு வந்தவர். கரிபியன் பெண்கள் பலரையும்போல அவரையும் இரண்டு வருடப் பயிற்சியில்தான் போட்டார்கள். அந்தச் சான்றிதழுக்கு ஊரில் மதிப்பில்லை. திரும்பிப்போக வழியும் இல்லை. பிறகு இராணுவத் தாதியர் படைப்பிரிவில் சேர்ந்து ஓல்டர்ஷொட், ஜேர்மனியில் ரின்டெல்ன் என்று இராணுவ மருத்துவமனைகளில் வேலை. அதற்குப் பின் அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ். இல் இரவு வேலை, ஞாயிறுகளில் தேவாலய மண்டபத்தில் முதியவர்களுக்குச் சாப்பாடு.

தங்கை இறந்தபோது அன்ரி ஊருக்குப் போகவில்லை. பழைய பார்படோஸ் பாஸ்போட் காலாவதி. போனால் திரும்ப உள்ளே விடுவார்களோ என்ற பயம். கரிபியன் போன்ற நாடுகளிலிருந்து சட்டப்படி வந்தும் பத்திரம் இல்லாதவர்களை ஹோம் ஒஃபிஸ் சட்டவிரோதமானவர்களாக நடத்திய விண்ட்ரஷ் செய்திகள் 2018இல் வெடித்த பிறகுதான் அதை என்னிடமே சொன்னார்.

அப்படிப்பட்டவர்களுக்குப் பத்திரமும் குடியுரிமையும் கொடுக்க அரசு தொடங்கிய விண்ட்ரஷ் திட்டத்தில் அன்ரிக்காக விண்ணப்பித்தோம். சட்டம் கேட்பது இதைத்தான்: 1973 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்பே நீங்கள் இங்கே குடியிருந்தவரா? 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் அப்படிப்பட்டவர்களுக்குத் தங்கும் உரிமையைக் கொடுத்தது, கையில் ஒரு காகிதத் துண்டும் கொடுக்கவில்லை. வந்திறங்கியவர்களின் அட்டைகளையும் 2010இல் அழித்துவிட்டார்கள். அன்ரியோ அந்த ஜனவரி முதலாம் திகதி ரின்டெல்னில் வார்டில் நின்றவர். ராணியின் படை அனுப்பித்தான் போனார் என்றாலும், நாட்டுக்கு வெளியே இருந்தது இருந்ததுதானே! எனக்கு நித்திரை வரவில்லை.

அன்ரி முதலில் எடுத்து வைத்தது பிஸ்கட் டின் நிறையப் படங்களும் போதகரின் கடிதமும். சீருடையில் நிற்கும் படம் அவ்வளவு அழகு. ஆனால் வேலைக்கு உதவியது, சம்பளத்திலிருந்து கட்டும் நஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்புறுதியின் பதிவு. எந்த வருடம் பணம் கட்டினார் என்ற வரிசை அதில் அப்படியே கிடக்கும். திட்டத்தின் அதிகாரிகள் நம் சம்மதத்துடன் வரித் திணைக்களத்திடமே கேட்டுப் பார்ப்பார்கள். ஆனாலும் நாங்களும் எடுத்து இணைத்தோம்.

இராணுவச் சேவைப் பதிவை கிளாஸ்கோவில் உள்ள அலுவலகத்துக்கு எழுதி எடுக்கலாம். சொந்தப் பதிவுக்குக் கட்டணம் இல்லை. பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளை மாறிச் சொல்பவர், சேவை இலக்கத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். படையில் இருந்தது கன்னிப் பெயரில், பென்ஷன் கணவர் பெயரில். ஆகவே கலியாணச் சான்றிதழ் இல்லாமல் எதுவும் ஒட்டாது. பதிவு வரத் தாமதமாகும் என்பதால் அதை முதலில் கேட்டுவிடுங்கள். ரின்டெல்னுக்கு மாற்றிய உத்தரவு அதில் திகதியோடு இருந்தது. அதை மேலே வைத்து, வெளியே இருந்தது கடமையில் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். தொலைபேசியில் பேசிய அதிகாரி மரியாதையானவர்; நான் பயந்த கேள்வியைக் கேட்கவே இல்லை. விண்ணப்பமும் இலவசம், குடியுரிமைப் பரீட்சையும் கிடையாது.

விண்ணப்பம் ஏற்கப்பட்டபின், ராணிக்கு விசுவாசச் சத்தியம் செய்யும் குடியுரிமை விழாவில்தான் அன்ரிக்குக் கோபம் வந்தது. படையில் சேர்ந்த நாளிலேயே இதே ராணிக்குச் சத்தியம் செய்தவர். “முதல் சத்தியம் காலாவதியாகிவிட்டதா?” என்று பதிவாளரிடமே கேட்டார். பாவம், அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இழப்பீட்டுத் திட்டம் வேறு. 2019 ஏப்ரலில் தொடங்கியது, படிவமும் தனி. தங்கையின் செத்தவீட்டுக்கு யார் விலை போடுவது என்று அன்ரி அதைத் தொடவே மறுக்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. படிவத்தை அச்சடித்து அவர் சமையலறை மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.