புழுக்கொடியலில் ஈரக் கணக்கு

வட இலங்கையில் பூநகரி, மன்னார்ப் பக்கத்துப் பனங்கூடல்களை அண்டிய வீடுகளில் தை, மாசியில் பனங்கிழங்கு குவியும். எல்லோரும் ஒன்றாகக் கிண்டுவதால் பச்சைக் கிழங்குக்கு அப்போது விலை இராது. அவித்துக் காயவைத்தால் அதுதான் புழுக்கொடியல்; மாதக்கணக்கில் வைத்து விற்கலாம். வீட்டிலிருந்து புழுக்கொடியல் செய்யும் பெண்கள் நட்டப்படுவது ருசியில் அல்ல, ஈரத்தில்.

தலைப்பையும் வேர்நுனியையும் வெட்டி, மண் போகக் கழுவி, உப்புப் போட்டு அவிக்க வேண்டும். இளஞ்சூட்டிலேயே தோல் உரித்தால் இலேசாகக் கழலும். நெடுக்காகக் கிழித்து, நடுவிலுள்ள பீலியை (குருத்தை) எடுத்துவிட்டுப் பாயில் பரப்புவார்கள். தரையில் விரிப்பதைவிடக் கால் நட்ட வலைத் தட்டு நல்லது. காற்று கீழாலும் போகும், கோழியும் கிளறாது. தை மாதத்துப் பனி விழமுன் உள்ளே எடுக்காவிட்டால் பகல் வெயில் வீண். மேற்புறம் காய்ந்திருக்கும், நடு ஈரமாகவே நிற்கும். தொட்டுப் பார்த்து இதை அறிய முடியாது. தடித்த துண்டாகப் பார்த்து முறிக்க வேண்டும். வளைந்தால் இன்னும் வெயில் தேவை. ‘டக்’கென்று முறிந்தால் சரி.

கடைக்காரர் கிலோக் கணக்கில் எடுப்பதால் அரைகுறையாய்க் காய்ந்தது நிறையில் இலாபம் காட்டும். அவசரக் காசு தேவைப்படும் வீட்டில் இந்த ஆசை வருவது இயல்புதான். ஆனால் பைக்குள் பூஞ்சணம் பிடித்து மூட்டை திரும்பி வந்தால், அந்தக் கடை அடுத்த முறை எடுக்காது. நன்றாகக் காய்ந்ததையும் வெயிற்சூட்டோடு கட்டினால் பொலித்தீனுக்குள் வியர்க்கும். நிழலில் ஆறிய பிறகே பொதி செய்ய வேண்டும்.

விலை வைப்பதில் இன்னொரு பிழை, “கிழங்கும் விறகும் சும்மாதானே” என்பது. முதலில் 5 கிலோ பச்சைக் கிழங்கை எடுத்து, காய்ந்தபின் நிறுத்துப் பாருங்கள். தோலும் நீரும் போக, பாதிக்கும் கீழே இறங்கும். அவித்த நேரம், உரித்த நேரம், வெயிலில் பரப்பி அள்ளிய நேரம் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி, உங்கள் ஊர்த் தோட்டக் கூலியின் மணிக்கணக்கால் பெருக்குங்கள். கிழங்கின் சந்தை விலை, விறகு, பொலித்தீன், லேபல், பஸ் காசு எல்லாம் கூட்டி, காய்ந்த கிலோவால் பிரித்தால்தான் அடக்கவிலை. அதற்குக் கீழே கேட்கிற கடைக்குக் கொடுப்பதைவிட, விலை குறைந்தாலும் கிழங்கைப் பச்சையாக விற்பதே மேல்.

மாவாக்குபவர்கள் அவித்ததையும், அவிக்காமல் காயவைத்த ஒடியலையும் ஒன்றாக அரைக்கக்கூடாது. புழுக்கொடியல் மாவைத் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து அப்படியே உண்ணலாம். ஒடியல் மாவை ஊறவைத்து, கயர்ப்புத் தண்ணீரை வடித்துத்தான் கூழுக்குப் போடுவார்கள். லேபலில் நிறை, திகதிகளோடு எந்த மா என்பதும் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.