அசுவினின்னு மட்டும் சொன்னா பத்தாது

பயிர்ல வர்ற பூச்சி, நோய் பாக்குற லேப்ல வேலைங்கிறதால என் டேபிளுக்கு அசுவினி, அதாவது செடில சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி, வராத வாரமே கிடையாது, கூடவே "பச்சை கலர் பூச்சி"ன்னு ஒரு சீட்டு. அத வச்சு என்ன பண்றது? பருத்தி அசுவினி ஒரே இலையில மஞ்சளாவும் இருக்கும் கரும்பச்சையாவும் இருக்கும், வெயில் ஏறி கூட்டமும் நெரிஞ்சா சின்னதா வெளிறின மஞ்சளா வரும், ஆல்கஹால்ல போட்டுட்டா இருக்குற கலரும் போயிடும்.

அதனால நான் நேரா பின்பக்கத்துக்குத்தான் போவேன். முதுகு முடியுற இடத்துல ரெண்டு குட்டி குழாய் நீட்டிட்டு இருக்கும், நடுவுல வால். பருத்தி அசுவினிக்கு குழாய் கருப்பு, வால் அதவிட வெளுப்பு. தட்டைப்பயறு அசுவினிக்கு ரெண்டுமே கருப்பு, முதுகு வேற பாலிஷ் போட்ட ஷூ மாதிரி மின்னும். இதெல்லாம் வளந்த பூச்சிக்குத்தான், குஞ்சுல வால் சரியா உருவாகியே இருக்காது, ஆனா பாட்டில் நிறைய குஞ்சா அனுப்புவாங்க!

என்னை ரொம்ப படுத்துறது வாழை அசுவினிதான். குருத்துக்குள்ள, மட்டை இடுக்குலன்னு ஒளிஞ்சிருக்கும், எறும்பு ஏறுற பக்கமா மட்டைய பிரிச்சா கிடைக்கும். றெக்கை உள்ளது ஒண்ணு சிக்கினா லென்ஸ்லயே தெரியும், றெக்கை நரம்போட ரெண்டு ஓரமும் பழுப்பா தடிச்சிருக்கும். சிக்கல் என்னன்னா அதே பழுப்பு உடம்பு, அதே றெக்கை, ஏலக்காய்லயும் இஞ்சிலயும் சேம்புலயும் வரும். டிஎன்ஏவையும் உடம்பு அளவுகளையும் சேத்து பாத்து 2010லதான் பெண்டலோனியா நைக்ரோநெர்வோசா வேற, பெண்டலோனியா கலாடியை வேறன்னு தெளிவா பிரிச்சு காட்டினாங்க. வாழைல பெரும்பாலும் முதல் இனம், மத்ததுல ரெண்டாவது. "பெரும்பாலும்"தான், அதனால செடி பேர மட்டும் நம்பி ரிப்போர்ட் எழுத முடியாது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல சூடாக்கி உள்ள இருக்குறத கரைச்சு, ஸ்லைடுல ஒட்டி, மைக்ராஸ்கோப்ல மீசைக் கணுக்களையும் குழாயையும் அளக்கணும். நல்லா படுக்காத ஸ்லைடுல அளந்த அளவ நான் கணக்குலயே எடுக்க மாட்டேன்.

தோட்டக்காரர் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், என்ன மருந்து அடிக்கணும்? வாழைல இலையெல்லாம் உச்சில கொத்தா குறுகிப் போக வைக்கிற முடிக்கொத்து வைரஸ பரப்புறது இந்த அசுவினிதான், ஆனா வைரஸ் ஏறின மரத்த எந்த மருந்தும் தேத்தாது, முதல்ல பூச்சிய அடக்கிட்டு அப்புறம் கிழங்கோட தோண்டி அழிக்கணும், இல்லன்னா அதுல இருக்குற பூச்சி பக்கத்து மரத்துக்கு போயிடும். இன்னொண்ணு, பூச்சி பேர் உறுதியாச்சுன்னா வைரஸ் இருக்குன்னு அர்த்தம் இல்ல, அது மைக்ராஸ்கோப்ல தெரியாது, வைரஸோட மரபணுவ தேடுற பிசிஆர் சோதனை பண்ண இலைய தனியா அனுப்பணும்.