சுற்றுவதை எண்ணாதே, வெளியேறுவதை எண்ணு

தேன் பருந்துக்குக் கடல் ஒத்துவராது. வெயிலில் சூடாகி நிலத்திலிருந்து எழும் காற்றில் அகன்ற சிறகை விரித்துச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். பிறகு அந்த உயரத்தை முதலாக வைத்துப் பல கிலோமீட்டர் சிறகடிக்காமல் சறுக்கிப் போகும். கடலின் மேல் அப்படிப்பட்ட காற்று எழுவது அரிது. அங்கே சிறகை அடித்துத்தான் போக வேண்டும், உடம்பில் சேர்த்த கொழுப்பு கரையும். அதனால்தான் சுமத்ராவிலிருந்து வடக்கே திரும்பும் தேன் பருந்துகள் மலாக்கா நீரிணையை அதன் குறுகலான இடத்தில் கடக்கின்றன. சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவிலிருந்து மலேசியாவில் போர்ட்டிக்சனுக்குப் பக்கத்தில் இருக்கும் தஞ்சோங் துவான் முனைக்கு ஏறக்குறைய 38 கிலோமீட்டர். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை அங்கே கலங்கரை விளக்கத்தின் பக்கம் நின்று அவற்றை எண்ணுவது என் வேலைகளில் ஒன்று. மற்ற மாதங்களில் சிலாங்கூர் கடற்கரையில் கரைப்பறவைகளைக் கணக்கெடுக்கிறேன்.

பெரும்பாலும் காலை பத்து மணிக்கு மேல்தான் முதல் பறவை தட்டுப்படும். தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே ஒரு கரும்புள்ளி, கனத்த சிறகடிப்பு. கரையை நெருங்கி, காட்டின் உச்சிக் கிளைகளை ஒட்டினாற்போல் நம் தலைக்கு மேலே கடக்கும்போது பைனாகுலரில் முகம் தெரியும். சின்னத் தலை, நீண்ட கழுத்து. குளவிக் கூட்டைப் பிய்க்கும்போது கொட்டு படாமலிருக்க முகத்தில் செதில் செதிலாக நெருங்கிய சிறு இறகுகள். ஒன்று வெளுத்திருக்கும், அடுத்தது கிட்டத்தட்டக் கறுப்பு, அதற்கடுத்தது வயிறெல்லாம் பட்டை. நிறத்தை நம்பி இனம் சொல்ல முடியாது. தலையின் அளவையும் வாலின் நீளத்தையும்தான் பார்க்க வேண்டும். அலகு திறந்தபடி வரும். அந்தக் காட்டில் குடியிருக்கும் வெண்வயிற்றுக் கடற்கழுகு சில நேரம் அதன்மேல் பாயும். அவ்வளவு தூரம் கடலைத் தாண்டி வந்த பறவை அதற்கும் விலகிக்கொடுத்து, காட்டின் மேல் ஒரு சூடான காற்றைக் கண்டுபிடித்து ஏறத் தொடங்குவதைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

எண்ணிக்கையில் குழப்பம் ஆரம்பிப்பது அங்கேதான். ஒரே சுழலில் நாற்பது, ஐம்பது பறவைகள் சுற்றும். கீழிருந்து புதியவை சேர்ந்துகொண்டே இருக்கும், சில விலகித் திரும்பவும் வந்து சேரும். எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்தவர் ஓய்வுபெற்ற தோட்டப்பள்ளி ஆசிரியர். முதல் நாளே சொன்னார்: "தம்பி, சுத்துறத எண்ணாத. மேல போயி, சிறக மடக்கி வரிசையா வெளிய போகும் பாரு, அத எண்ணு." சுழலின் உச்சியிலிருந்து பறவைகள் ஒவ்வொன்றாக வடக்கே சறுக்கி வெளியேறும். அந்த வரிசையில்தான் கையிலிருக்கும் எண்ணியை அழுத்த வேண்டும். வெள்ளை மேகம் இருந்தால் பாக்கியம். மேகமில்லாத நீலத்தில் உயரப் போன பறவை கண்ணெதிரே கரைந்துவிடும்.

படிவத்தில் மணிக்கு மணி ஒரு வரி: காற்றின் திசை, மேகம், எத்தனை பேர் பார்த்தோம், இனவாரியாக எத்தனை. தேன் பருந்தைத் தவிர ஜப்பானிய வல்லூறு, கரும் பைஜா போன்றவையும் கடக்கும். அந்த முனையிலேயே வாழும் செம்பருந்து கணக்கில் சேராது. இனம் தெரியாமல் போன பறவைக்குத் தனிப் பத்தி உண்டு. அந்தப் பத்தி காலியாகவே இருக்கும் படிவத்தை நான் நம்புவதில்லை. மழை பெய்து ஒன்றுமே வராத மணிக்கும் ஒரு வரி உண்டு, அதில் பூச்சியம் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால், பறவை வரவில்லையா, நாம் பார்க்கவில்லையா என்று பத்து வருஷம் கழித்து ஒப்பிடுபவருக்குத் தெரியாது. 2000-லிருந்து மலேசிய இயற்கைக் கழகம் மார்ச் மாதத்தில் அங்கே பருந்து பார்க்கும் விழா நடத்துகிறது. குடும்பம் குடும்பமாக மக்கள் வருவார்கள். "இன்னைக்கு எத்தனண்ணே?" என்று பிள்ளைகள் கேட்கும்போது பெரிய எண்ணாகச் சொல்ல மனசு துடிக்கும். எண்ணியில் உள்ளதைத்தான் சொல்வேன்.

கடற்கரை வேலை வேறு மாதிரி. அங்கே நாளையும் நேரத்தையும் கடல்மட்ட அட்டவணை தீர்மானிக்கிறது. கடல் வற்றியிருக்கும்போது பறவைகள் கிலோமீட்டர் கணக்கான சேற்றில் சிதறி மேயும், கரையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடல் ஏற ஏற அவை பின்வாங்கி, நனையாத ஏதாவது ஓரிடத்தில் ஒன்றாக ஒதுங்கும். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நாம் போய் உட்கார்ந்துவிட வேண்டும். ஒதுங்கும் இடம் அழகான இடமாக இருக்க வேண்டும் என்பதில்லை. காப்பாரில் நிலக்கரி மின்நிலையத்தின் சாம்பல் குட்டைகள் பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான கரைப்பறவைகளுக்குப் புகலிடமாக இருந்திருக்கின்றன. சிலாங்கூர் கடல் மேற்குப் பார்த்தது. காலையில் கடல் ஏறினால் வெயில் நம் முதுகில், பவளக்காலி உள்ளானின் காலின் நிறம் வரை தெரியும். பிற்பகலில் ஏறினால் வெயில் கண்ணில். எதிரே நிற்பது முழுக்க நிழலுரு, மூக்கின் நீளத்தையும் வளைவையும் வைத்துத்தான் கோட்டானையும் (ஆந்தையல்ல, மூக்கு வளைந்த கரைப்பறவை) மூக்கனையும் பிரிக்க வேண்டும்.

முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வைத்துக்கொண்டு கூட்டம் முழுவதும் நகர்த்திப் போவோம். இன்னொருவர் தனியாக எண்ணுவார். முடியும்வரை ஒருவர் எண்ணை மற்றவருக்குச் சொல்லக் கூடாது. பாதியில் பைரி என்ற வேட்டைப்பறவை ஒன்று வந்து பாய்ந்தால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். மறுபடி ஒன்றிலிருந்து.

கரையோரத் திட்டம் ஒன்றுக்காக ஓர் ஆலோசனை நிறுவனம் தயாரித்த பறவைப் பட்டியலை ஒருமுறை பார்க்க நேர்ந்தது. ஜூன் மாதத்தில், கடல் வற்றியிருந்த நேரத்தில் எடுத்த கணக்கு. ஜூனில் இந்தப் பறவைகளில் பெரும்பாலானவை சைபீரியாவிலும் அதைச் சுற்றிய வடபகுதிகளிலும் அடைகாத்துக்கொண்டிருக்கும். முக்கியமான வலசைப் பறவைகள் காணப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையே, ஏற்றத்திலும் வற்றத்திலும் எடுக்காத கணக்கை இந்தக் கரைக்கு யாரும் ஏற்கக் கூடாது என்று கேட்கும் இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஓரிடத்துச் சேறு போனால் பறவை பக்கத்தில் எங்காவது போய்க்கொள்ளும் என்பார்கள். தென்கொரியாவில் சேமான்கும் முகத்துவாரத்தை 33 கிலோமீட்டர் சுவர் எழுப்பி 2006-இல் அடைத்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து ஆர்க்டிக் ஓரம் வரை பறக்கும் கிரேட் நாட் என்ற உள்ளான் வகைக்கு, வழியில் இறங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ளும் முக்கியமான இடம் அது. அந்தப் பறவைகள் பக்கத்துக் கரையில் பெருகவில்லை, ஆஸ்திரேலியாவில்தான் எண்ணிக்கை குறைந்தது. அதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், அந்தந்தக் கரையில் யாரோ சிலர் வருஷா வருஷம் ஒரே முறையில் எண்ணி வைத்திருந்ததுதான்.

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. இந்த முறை செகிஞ்சான் பக்கத்துப் பையன் ஒருவன் என்னோடு வருகிறான், அப்பா சேற்றில் கெராங் என்ற சிப்பி எடுப்பவர். கடல் எப்போது எந்தத் திட்டை மூடும் என்று அட்டவணை பார்க்காமலே சொல்கிறான். பறவைப் பெயர்கள்தான் இன்னும் வரவில்லை. "பேரு வர்றப்ப வரட்டும், தம்பி. மொதல்ல பத்த எண்ணிப் பழகு" என்று சொல்லியிருக்கிறேன்.