நாகமரைக் கரையில் ஒன்பது நாட் காற்று

பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று நீர்மேல் சறுக்கி ஓடும் விளையாட்டு கைட்போர்டிங். தருமபுரியில் இருந்துகொண்டு அதைப் பற்றிப் பேசுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க அரை நாள் பயணம் செய்ய வேண்டிய ஊர் இது. இராமேசுவரத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய எங்களில் ஒருவரான பென்னாகரத்து நண்பருக்கு, ஒகேனக்கல்லைத் தாண்டிய காவிரி அகன்று மேட்டூர் நீர்த்தேக்கமாக மாறும் நாகமரைப் பக்கத்திலேயே ஏன் பலகை ஏறக்கூடாது என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது. 17 சதுர மீட்டர் பட்டம் ஒன்று, "8 நாட் காற்றிலேயே ஓடும்" (நாட் என்பது காற்றின் வேகத்தைச் சொல்லும் அலகு) என்ற உறுதிமொழியுடன் பழைய பொருளுக்கான விலையில் வந்ததும், அந்த எண்ணம் அவசரமாகிவிட்டது. பணம் கொடுப்பதற்கு முன் இடத்தையும் காற்றையும் பார்த்துவிடலாம் என்று ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கிளம்பினோம். நீரில் இறங்குவதற்கான அனுமதி எங்களிடம் இல்லாததால், கரையில் நின்றபடி பறக்கவிடும் 3 சதுர மீட்டர் பயிற்சிப் பட்டத்தையும் கையடக்கமான காற்றுமானி ஒன்றையும் மட்டுமே எடுத்துக்கொண்டோம்.

பென்னாகரம், ஏரியூர் வழியாக நாகமரை போய்ச் சேர்ந்தபோது, எதிர்க்கரையான பண்ணவாடிக்குப் போகும் படகில் இரண்டு சக்கர வாகனங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீர் சற்று இறங்கியிருந்ததால் கரையோரம் காய்ந்த வண்டல் அகலமான திடலாகக் கிடந்தது. பட்டம் விரிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நண்பர் மகிழ்ந்தார். பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அதன் அடியில் தார் பூசிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், "காத்து மத்தியானத்துக்கு மேலதான் எழும் தம்பி, ஆனா ஒரே சீரா அடிக்காது" என்றார். அன்று முழுவதும் எங்கள் கருவி அளந்து காட்டியது அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். பிற்பகலில் நாங்கள் கண்ட சராசரி 9 நாட். நண்பரைப் பொறுத்தவரை அது 8-ஐவிட அதிகம். எனவே கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் அந்தச் சராசரிக்குள் 5 நாட்டுக்குத் தொய்ந்த கணங்களும் 14 நாட்டுக்கு எகிறிய கணங்களும் அடங்கியிருந்தன. காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 5 நாட்டுக்கும் 14 நாட்டுக்கும் இடையிலான வேறுபாடு மூன்று மடங்கன்று, ஏறத்தாழ எட்டு மடங்கு. பயிற்சிப் பட்டத்தில் இது கண்கூடாகத் தெரிந்தது. ஒரு கணம் இரண்டு கயிறுகளும் விறைத்து நண்பரைக் குதிகாலில் சறுக்க வைத்தன. அடுத்த கணம் கயிறு துவண்டு, துணி சடசடத்து, பட்டம் அப்படியே பின்பக்கமாகச் சரிந்தது. அவர் வேகமாகப் பின்னோக்கி நடந்து கயிற்றை மீண்டும் இறுக்கினார். கரையில் அப்படி நடக்க முடியும். நீரில் மிதப்பவருக்குப் பின்னால் நடக்கத் தரை ஏது?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது தமிழ்நாடு முழுவதும் சொல்லும் பழமொழிதான் என்றாலும், அந்தக் காற்று எல்லா ஊர்களுக்கும் ஒரே மாதிரி வந்து சேர்வதில்லை. பாலக்காட்டுக் கணவாய் கோவைப் பக்கத்துக்கும், ஆரல்வாய்மொழி முப்பந்தலுக்கும் காற்றைத் திறந்துவிடுகின்றன. இராமேசுவரத்தில் திறந்த கடலே காற்றுக்கு வழி. மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கோ மேற்கே மலைகள் நிற்கின்றன. மலையைத் தாண்டி இறங்கும் காற்று, அம்மலையின் உயரத்தைப் போலப் பல மடங்கு தூரத்துக்குச் சுழன்றும் உடைந்தும்தான் வரும். நீர்ப்பரப்பு எவ்வளவு அகலமாக இருந்தாலும் அதன்மேல் ஓடும் காற்று அதே அளவுக்குச் சீராக இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. கிருஷ்ணகிரி அணையை நாங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அது இதைவிடச் சிறியது.

இனி அந்த 17 சதுர மீட்டர் பட்டத்துக்கு வருகிறேன். 15 நாட் காற்றில் 12 சதுர மீட்டர் பட்டம் போதும் என்னும் ஒருவருக்கு, 10 நாட்டில் அதே இழுவை கிடைக்க வேண்டுமானால் 27 சதுர மீட்டரும், 8 நாட்டில் 42 சதுர மீட்டரும் தேவைப்படும். இதே கணக்கில் 17 சதுர மீட்டர் பட்டத்தால் கிடைக்கும் ஆதாயம், 15 நாட்டிலிருந்து 12.6 நாட்டுக்கு இறங்குவது மட்டுமே. பட்டத்தை மேலும் கீழுமாக வீசி ஓட்டி, அதற்கான காற்றை அதன் வேகத்தாலேயே உண்டாக்கிக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் பட்டம் பெரிதாகப் பெரிதாக எடை கூடி, திரும்புவது மந்தமாகி, அந்த ஆதாயத்தின் ஒரு பகுதி கைநழுவிப் போகிறது. நண்பரின் எடை தொண்ணூறு கிலோவுக்கு மேல். அறுபது கிலோ உள்ளவர் ஓட்டிக் காட்டிய காணொளியை வைத்து அவர் பட்டம் வாங்குவது, பிறர் அளவுக்குத் தைத்த சட்டையை வாங்குவதைப் போன்றதுதான்.

உண்மையில் மென்காற்றில் முதலில் மாற்ற வேண்டியது பட்டமன்று, பலகை. வழக்கமான 138 சென்டிமீட்டர் பலகைக்குப் பதிலாக 160 சென்டிமீட்டர் அளவில் அகலமான, தட்டையான பலகை ஒன்றை எடுத்தால், அதே பட்டத்தோடு இரண்டு மூன்று நாட் குறைவான காற்றிலும் நீரின்மேல் எழுந்து ஓட முடியும். விலையும் பெரிய பட்டத்தின் விலையைவிட மிகக் குறைவு. அதற்கும் கீழே போக வேண்டுமானால் ஹைட்ரோஃபாயில்தான் வழி. பலகைக்கு அடியில் நீண்ட கம்பமும் அதன் முனையில் சிறகும் கொண்ட அது, சிறு வேகத்திலேயே பலகையை நீருக்கு மேலே தூக்கிவிடுவதால் நீரின் இழுவை பெருமளவு குறைந்துவிடுகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்ற கைட் பந்தயங்கள் முழுக்க ஃபாயில் பலகையில்தான் நடந்தன. அவை நடந்த மார்சேய் கடலிலேயே காற்றில்லாமல் பந்தயங்கள் தள்ளிப்போயின என்பதையும் நண்பருக்கு நினைவூட்டினேன்.

ஃபாயிலுக்கு நாகமரை உகந்த இடமன்று. அந்தக் கம்பமே பெரும்பாலும் முக்கால் மீட்டருக்கு மேல் நீளமானது. அதற்குக் கீழே தடையற்ற ஆழம் வேண்டும். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணைக்காக இங்கே ஊர்களே மூழ்கின. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரங்களும் வெளியே தெரிவதைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத சுவர்களும் அடிமரங்களும் எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்பது நீர்மட்டத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் மீன்வலைகள். கயிறு வலையில் சிக்கினால் நமக்கு ஆபத்து. வலை கிழிந்தால் மீனவரின் பிழைப்புக்குக் கேடு.

காற்றடைத்த முன்விளிம்பு கொண்ட பட்டம் நீரில் விழுந்தால், அதை மீண்டும் எழுப்பவும் காற்றுதான் வேண்டும். 5 நாட் தொய்வில் ஈரத்துணி நீரோடு ஒட்டிக்கொள்ளும். கயிற்றைச் சுற்றி, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீந்தித்தான் கரை சேர வேண்டும். மீட்புப் படகு இல்லாத இடத்தில், திரும்பி நீந்தக்கூடிய தூரத்தைத் தாண்டிப் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஏரியூரில் மதியச் சாப்பாட்டைத் தவறவிட்ட பசியோடு களியும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நண்பர் விற்பனையாளரை அழைத்துப் பட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆடியில் இராமேசுவரம் போய், அங்கேயே பெரிய பலகையை வாடகைக்கு எடுத்துத் தன்னுடைய 12 சதுர மீட்டர் பட்டத்தோடு ஓட்டிப் பார்ப்பது, காற்று 12 நாட்டுக்குக் கீழே இறங்கும் நாட்களில் ஃபாயில் பாடம் எடுப்பது என்று முடிவாயிற்று.