அத்திக்காய்க்கு நடுவே ஒரு கோடு

மலருக்கு ஏதாவது எழுது என்று பழைய மாணவர் சங்கத்திலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டார்கள். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறீர்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மதிய இடைவேளை முடிந்த கையோடு வரும் தமிழ் வகுப்பும், அதில் டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்ட சினிமாப் பாட்டுகளும்தான்.

அதுவரை எங்களுக்கு அணி இலக்கணம் என்றால் நெட்டுரு. போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப என்று நன்னூல் சொல்லும் உவம உருபுகளை மூச்சு விடாமல் ஒப்பிப்போம், ஒரு வரியைக் கொடுத்து இதில் உவமை எங்கே என்றால் முழிப்போம். டீச்சர் வந்த முதல் வாரமே புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, யாருக்கு எந்தப் பாட்டு முழுதாகத் தெரியும் என்று கேட்டார். கேட்பானேன், வகுப்பே கை தூக்கியது.

ஒரே நிபந்தனை, பாடக்கூடாது. மெட்டை எடுத்துவிட்டுச் செய்யுள் போல வாசிக்க வேண்டும். லேசு என்று நினைக்காதீர்கள், தெரிந்த பாட்டை மெட்டில்லாமல் சொல்ல நாக்கு வராது, இரண்டாம் வரியில் தலை தானாக ஆடும், கடைசி பெஞ்சில் ஒருவன் தாளம் போட ஆரம்பிப்பான். ஆனால் மெட்டு போன பிறகுதான் சொல் காதில் விழுந்தது. வரிக் கடைசியில் ஓசை ஒத்து வந்தால் எதுகை, எதுகை என்று கத்துவோம். அது இயைபு என்பது அப்போதுதான் உறைத்தது. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் போதாது, முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். பாட்டு, கேட்டு, சரி. பாட்டு, கட்டு என்றால் ஒன்று நெடில், மற்றது குறில், அடிபட்டுப் போகும்.

பெயரை டீச்சர் கடைசியில்தான் சொல்வார். 1976இல் வந்த 'மூன்று முடிச்சு' படத்தின் 'வசந்த கால நதிகளிலே' பாட்டில், ஒரு வரி முடியும் சொல்லிலேயே அடுத்த வரி தொடங்குவதை நாங்களே கண்டுபிடித்துக் குதித்த பிறகு, ஓரமாக 'அந்தாதி' என்று எழுதினார். அப்புறம்தான் அபிராமி அந்தாதி.

எல்லாவற்றுக்கும் பாட்டு கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். இயல்பாக நடப்பதன் மேல் கவிஞர் தன் கற்பனையை ஏற்றிச் சொல்லும் தற்குறிப்பேற்றத்துக்கு நாங்கள் கொண்டுபோன பாட்டெல்லாம் வெறும் உவமையாகவே முடிந்தது. டீச்சரும் இழுத்துக் கட்டாமல், மதுரைக் கோட்டைக் கொடிகள் கோவலனை வராதே என்று கைகாட்டும் சிலப்பதிகாரத்துக்கே திரும்பிவிட்டார். சில நாள் அணி காற்றில் போய், வகுப்பு படக்கதையில் இறங்கிவிடும். அதுவும் நடந்தது.

ஒரே சொல் இரண்டு பொருள் தரும் சிலேடை, அதை நடத்திய நாளைத்தான் மறக்க முடியாது. 'பலே பாண்டியா' (1962), கண்ணதாசன் எழுதிய 'அத்திக்காய் காய் காய்'. காய்கறிப் பட்டியல் போல இருக்கும் அந்தப் பாட்டைப் பல்லவியோடு எழுதிவிட்டு டீச்சர் சும்மா நின்றார். நிலவைப் பார்த்து எதற்குக் காயைப் பற்றிப் பேச வேண்டும்? காய் என்றால் நிலவு காய்வதும்தானே என்று ஒருவன் சொன்னான். சரி, அத்தி? யாரோ ஒருத்தி எழுந்து போய், சாக்பீஸை வாங்கி, 'அத்' என்பதற்கும் 'திக்காய்' என்பதற்கும் நடுவில் ஒரு கோடு போட்டாள். அத் திக்காய்க் காய், அந்தத் திசையில் காய். அடுத்து வரும் 'இத்திக்காய் காயாதே' தானாகவே பிரிந்துகொண்டது. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

அந்தத் தவணைப் பரீட்சையில் சிலேடைக்கு நான் இதையே எழுதினேன், கோடு போட்டுப் பிரித்துக் காட்டி. விடைத்தாளைத் திருத்தியவர் வேறொருவர். சிவப்பு மையில் ஒரு அடி, 'சினிமாப் பாட்டு உதாரணம் ஆகாது', பூஜ்யம். அழாத குறையாக டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மதிப்பெண்ணுக்காகச் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன், போடவில்லை. "பரீட்சையில் சிலேடைக் கவி காளமேகத்தை எழுது. காளமேகம் இதைக் கேட்டிருந்தால் உனக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பார்" என்றார். எனக்கு அந்தக் கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை என்பது வேறு விஷயம்.

போன வாரம் பழைய வகுப்புத் தோழனோடு தொலைபேசியில் பேசும்போது, சாக்பீஸ் கோடு போட்டது யார் என்பதில் தகராறு வந்துவிட்டது. அவன் ஒரு பெயர் சொல்கிறான், நான் வேறு பெயர் சொல்கிறேன். போட்டவர் இதைப் படித்தால் சங்கத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.